மெலனோமா: ஒரு மருந்து போதுமா, ரெண்டு சேர்த்துக் கொடுக்கணுமா? டாக்டர்களை இன்னும் யோசிக்க வைக்கும் கேள்வி

2015 ஆகஸ்ட். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் செய்தியாளர்களைச் சந்தித்து, தனக்கு மெலனோமா என்ற புற்றுநோய் வந்திருக்கிறது, மூளையில் நான்கு இடங்களில் பரவியிருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 90. கல்லீரலில் இருந்த கட்டியை ஏற்கெனவே ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். இதே செய்தி ஐந்தாறு வருடம் முன்னால் வந்திருந்தால், எல்லா பத்திரிகை அலுவலகத்திலும் இரங்கல் செய்தியை எழுதி ரெடியாக வைத்திருப்பார்கள். (ஆமாம், நியூஸ் டெஸ்க்கில் அது நிஜமாகவே நடக்கும்.)

ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் எடுத்த ஸ்கேனில் புற்றுநோய்க்கான தடயமே இல்லை என்று அவரே அறிவித்தார். கதிர்வீச்சோடு சேர்த்து அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் பெயர் பெம்ப்ரோலிசுமாப். கார்ட்டர் மறைந்தது 2024 டிசம்பரில், 100 வயதில்.

ஒரு மருந்துக்கே இப்படின்னா, ரெண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்லா இருக்குமே? நியாயமான கேள்வி. கடந்த 15 வருட மெலனோமா ஆராய்ச்சியே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. பதில் 'ஆமாம்' பக்கம்தான் சாய்கிறது. ஆனால் எந்த ரெண்டு, எது முதலில், அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல்ல, மெலனோமான்னா என்ன?

நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் உருவாகும் புற்றுநோய் இது. மற்ற தோல் புற்றுநோய்களைவிட எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பரவும் வேகத்தில் அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தோலில் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். மருந்தே தேவைப்படாது. நாம் இங்கே பேசப்போவது நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவிவிட்ட மெலனோமாவைப் பற்றி.

அந்த நிலையில் இருந்தவர்களுக்கு 1975-ல் அமெரிக்காவில் டகார்பசின் என்ற கீமோதெரபி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு 30 வருடத்துக்கும் மேலாக அதுதான் முக்கிய மருந்து. அது ஆயுளைக் கூட்டுகிறது என்று எந்த ஆய்விலும் உருப்படியாக நிரூபிக்க முடியவில்லை. வேறு வழி இல்லாததால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2011-ல் ஒரே வருடத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. மார்ச்சில் ஐபிலிமுமாப், ஆகஸ்டில் வெமுராஃபெனிப் என்று இரண்டு புது மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. இரண்டும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. அதனால் இரண்டு வழியிலும் 'கூட்டணி' வேறு வேறு காரணத்துக்காக உருவானது.

ஆஃப் ஆகாத மோட்டார் சுவிட்ச்

வெமுராஃபெனிப் மாத்திரை. அது குறிவைப்பது பிராஃப் என்ற ஜீனில் ஏற்படும் பழுதை. தோலில் வரும் மெலனோமாக்களில் சுமார் பாதியில் இந்தப் பழுது இருக்கிறது என்பது 2002-ல் தெரியவந்தது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வீட்டுக்காரர்களுக்கு இது ஈஸியாகப் புரியும். பிராஃப்தான் சுவிட்ச். சாதாரண செல்லில், 'வளரணும்' என்ற தகவல் வந்தால் ஆன் ஆகும், வேலை முடிந்தால் ஆஃப் ஆகும். பழுதான பிராஃப், ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். செல் பெருகிக்கொண்டே போகும்.

வெமுராஃபெனிப் அந்தச் சுவிட்சை அழுத்தி ஆஃப் செய்தது. உடம்பு முழுக்கப் பரவியிருந்த கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கின. டாக்டர்களே நம்ப முடியாமல் ஸ்கேனைத் திரும்பத் திரும்பப் பார்த்த காலம் அது. பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆறேழு மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. 675 பேரை வைத்து நடந்த முக்கிய ஆய்வில், நோய் மறுபடி முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 5.3 மாதம்தான். டகார்பசின் எடுத்தவர்களுக்கு 1.6 மாதம். முன்னேற்றம் பெரிதுதான். ஆனால் நோயாளியின் குடும்பத்துக்கு 5.3 மாதம் என்பது ஒரு தீபாவளிக்கும் சித்திரைத் திருநாளுக்கும் இடையே உள்ள தூரம்.

ஏன் திரும்ப வந்தது? புற்றுநோய் செல் கொக்கி போட்டது. சுவிட்சை ஆஃப் செய்தால் என்ன, அதற்குக் கீழே உள்ள கம்பியில் கொக்கி மாட்டி கரண்ட் எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பியின் பெயர் மெக். பிராஃப் தகவல் கொடுப்பதே இந்த மெக் புரதத்துக்குத்தான்.

அப்படியானால் சுவிட்சையும் அணைத்து, கம்பியையும் கட் பண்ணிவிட்டால்? இதுதான் முதல் கூட்டணி. பிராஃபை அடக்க டப்ராஃபெனிப், மெக்கை அடக்க டிராமெடினிப். இந்த ஜோடிக்கு 2014 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. வெமுராஃபெனிப்புடன் கோபிமெடினிப், என்கோராஃபெனிப்புடன் பினிமெடினிப் என்று வேறு இரண்டு ஜோடிகளும் பிறகு வந்தன.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ரெண்டு மருந்து என்றால் பக்கவிளைவும் டபுள் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே ஒரு விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. பிராஃப் மருந்தைத் தனியாக எடுத்தவர்களில் பலருக்கு, முதலில் சொன்ன 675 பேர் ஆய்வில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு, தோலில் வேறு வகைக் கட்டிகள் புதிதாக முளைத்தன. காரணம், அந்த மருந்து பழுதான செல்லில் மோட்டாரை அணைத்தாலும், பழுதே இல்லாத சாதாரண செல்களில் தவறுதலாக மோட்டாரைக் கிளப்பிவிடும். மெக் மருந்தைச் சேர்த்ததும் அந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. அதாவது, இரண்டாவது மருந்து முதல் மருந்தின் தப்பையும் சேர்த்துத் திருத்தியது. அதற்காகப் பக்கவிளைவே இல்லை என்று அர்த்தமில்லை. டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஜோடியை எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் காய்ச்சல் வருகிறது. சிலருக்கு அடிக்கடி வரும்.

இந்த ஜோடியை முதல் சிகிச்சையாக எடுத்த 563 பேரின் 5 வருடக் கணக்கு 2019-ல் வெளியானது. 34% பேர் உயிரோடு இருந்தார்கள். நோய் முற்றாமலேயே இருந்தவர்கள் 19%. மூன்றில் ஒருவர். டகார்பசின் காலத்தில் கற்பனைகூட செய்ய முடியாத எண்.

பிரேக்கை எடுத்துவிட்டால்...

இன்னொரு கதவு இம்யூனோதெரபி. இது புற்றுநோயை நேரடியாகத் தாக்குவதில்லை. நம் உடம்பிலேயே இருக்கும் டி-செல்கள் என்ற காவல்படைக்கு இயற்கையாகவே சில பிரேக்குகள் உண்டு. இல்லையென்றால் அவை நம் உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். அந்தப் பிரேக்கைத்தான் புற்றுநோய் தந்திரமாக மிதித்து, தான் தப்பித்துக்கொள்கிறது. பிரேக்கிலிருந்து அதன் காலை எடுத்துவிட்டால், டி-செல் தன் வேலையைப் பார்க்கும். இதற்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஆலிசன், டசுகு ஹோஞ்ஜோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பிரேக் ஒன்று மட்டும் இல்லை. சிடிஎல்ஏ-4 என்ற பிரேக், டி-செல்கள் நிணநீர் முடிச்சில் பயிற்சி எடுக்கும் கட்டத்தில் வேலை செய்கிறது. பிடி-1 என்ற பிரேக், கட்டி இருக்கும் களத்திலேயே வேலை செய்கிறது. ஐபிலிமுமாப் முதலாவதை எடுத்துவிடும். நிவோலுமாப், கார்ட்டருக்குக் கொடுத்த பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் இரண்டாவதை எடுத்துவிடும். வேறு வேறு இடம் என்பதால் இரண்டையும் சேர்த்தால் பலன் கூடும் என்பது கணக்கு.

செக்மேட்-067 என்ற ஆய்வு இதைத்தான் பரிசோதித்தது. 945 நோயாளிகள், மூன்று அணி. ஒரு அணிக்கு ஐபி-நிவோ ஜோடி, ஒரு அணிக்கு நிவோலுமாப் மட்டும், ஒரு அணிக்கு ஐபிலிமுமாப் மட்டும். 2024-ல் அதன் 10 வருட முடிவு வந்தது. ஜோடி எடுத்தவர்களில் 43% பேர் 10 வருடம் கழித்தும் உயிரோடு. நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 37%. ஐபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 19%. மூன்று வருடம் வரை நோய் முற்றாமல் தாக்குப்பிடித்த ஜோடி அணியினரில் 96% பேர், 10 வருட முடிவில் மெலனோமாவால் இறக்கவில்லை. 'குணமாகிவிட்டது' என்ற வார்த்தையைப் புற்றுநோய் டாக்டர்கள் லேசில் சொல்ல மாட்டார்கள். இந்த ஆய்வுக்குப் பிறகு அதைக் கொஞ்சம் தைரியமாகச் சொல்கிறார்கள்.

சரி, ஜோடிதான் பெஸ்ட். எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே?

இப்போது அதே ஆய்வின் இன்னொரு பக்கம். மருந்தால் தீவிரமான பக்கவிளைவு வந்தவர்கள் ஜோடி அணியில் 59%. நிவோலுமாப் மட்டும் எடுத்த அணியில் 23% சொச்சம். இங்கே தீவிரம் என்றால் தலைவலி, வாந்தி அல்ல. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவை. காவல்படை பிரேக் இல்லாமல் ஓடி, குடலைத் தாக்கினால் நிற்காத வயிற்றுப்போக்கு. கல்லீரலைத் தாக்கினால் ஹெபடைடிஸ். நுரையீரலைத் தாக்கினால் மூச்சுத்திணறல். அபூர்வமாக இதயத் தசை. பெரும்பாலானவை ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடும். ஆனால் தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரீனல் போன்ற ஹார்மோன் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. வாழ்நாள் முழுக்க மாத்திரைதான்.

43-க்கும் 37-க்கும் இடையே 6. 59-க்கும் 23-க்கும் இடையே 36. ஆலோசனை அறையில் நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் மனசில் ஓடும் கணக்கு இதுதான். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த ஆய்வு ஜோடியையும் நிவோலுமாப்பையும் நேரடியாக மோதவிட வடிவமைக்கப்பட்டதல்ல; இரண்டையும் ஐபிலிமுமாப்புடன் ஒப்பிடத்தான் வடிவமைக்கப்பட்டது. அதனால் அந்த 6-ஐ எந்த அளவு நம்புவது என்பதிலேயே நிபுணர்களுக்குள் விவாதம் உண்டு.

யாருக்கு ஜோடியின் ரிஸ்க் எடுக்கலாம் என்பதற்குச் சில வெளிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. மூளைக்குப் பரவி, இன்னும் அறிகுறி காட்டாத நிலையில் இருப்பவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஜோடி எடுத்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான். பிராஃப் பழுது உள்ளவர்களிடமும் ஜோடியின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. இன்னொரு ஆறுதல்: பக்கவிளைவு தாங்காமல் ஜோடியைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கும், முழுசாக எடுத்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. கிளம்பிய படை, மருந்தை நிறுத்திய பிறகும் வேலையைத் தொடர்கிறது.

இதற்கு நடுவில் ஒரு மிதவாதக் கூட்டணியும் வந்தது. நிவோலுமாப்புடன் ரெலட்லிமாப். இது லாக்-3 என்ற மூன்றாவது பிரேக்கை எடுக்கும். 714 பேர் ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 10.1 மாதம், நிவோலுமாப் மட்டும் என்றால் 4.6. தீவிரப் பக்கவிளைவு சுமார் 19%. 2022 மார்ச்சில் எஃப்டிஏ அனுமதித்தது. ஆனால் அந்த ஆய்வில் எதிரணி நிவோலுமாப்தான். ஐபி-நிவோ ஜோடி இல்லை.

எல்லா ஜோடியும் ஜோடி இல்லை

கையில் இரண்டு நல்ல மருந்து இருக்கும்போது சேர்த்துப் பார்க்கும் ஆசை வரத்தானே செய்யும்? 2011-ல் வந்த அந்த இரண்டு ஹீரோக்களையும், வெமுராஃபெனிப்பையும் ஐபிலிமுமாப்பையும், ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் கல்லீரல் அடிவாங்கியது. ஆய்வை நிறுத்தினார்கள்; 2013-ல் அந்த முடிவை வெளிப்படையாகப் பதிவும் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி 2018-ல். எபகாடோஸ்டாட் என்ற மாத்திரையைப் பெம்ப்ரோலிசுமாப்புடன் சேர்த்தால் பாதிப் பேருக்கு மேல் கட்டி சுருங்குகிறது என்று சின்ன ஆய்வுகள் ஆசை காட்டின. 706 பேரை வைத்து முறையாகச் செய்து பார்த்தபோது, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் எடுத்தவர்களைவிட ஒரு இம்மி முன்னேற்றம்கூட இல்லை. 'புது கேன்சர் மருந்து, அசத்தல் ரிசல்ட்' என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாங்கள் செய்தி எழுதும்போதும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இவை.

எது முதல்ல?

பிராஃப் பழுது உள்ள ஒருவருக்கு மாத்திரை ஜோடியும் கொடுக்கலாம், இம்யூனோ ஜோடியும் கொடுக்கலாம். மாத்திரை சீக்கிரம் கேட்கும். இம்யூனோ மெதுவாகக் கேட்கும். கேட்டால் நிலைத்து நிற்கும். முதலில் மாத்திரையால் கட்டியைச் சுருக்கிவிட்டு, அப்புறம் இம்யூனோ கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்? பல டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ட்ரீம்செக் என்ற அமெரிக்க ஆய்வு அந்த நினைப்பைத் திருப்பிப் போட்டது. 265 பேர். பாதிப் பேருக்கு இம்யூனோ முதலில், நோய் முற்றினால் மாத்திரை. மீதிப் பேருக்கு நேர்மாறாக. இரண்டு வருட முடிவில், இம்யூனோவில் தொடங்கியவர்களில் 72% பேர் உயிரோடு. மாத்திரையில் தொடங்கியவர்களில் 52%. மருந்துகள் அதே நான்குதான். வரிசை மட்டும்தான் வேறு. மாத்திரை கைவிடும்போது நோய் அசுர வேகத்தில் திரும்புகிறது. மெதுவாக வேலை செய்யும் இம்யூனோவுக்கு அப்போது அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் முதல் சில மாதங்களை மட்டும் பார்த்தால் மாத்திரை அணிதான் முன்னால் இருந்தது. அதனால், நாளைக்கே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வருபவர்களுக்கு இன்றும் மாத்திரையைக் கையில் எடுக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பா, பின்பா என்பதிலும் இதே மாதிரி ஒரு திருப்பம். நிணநீர் முடிச்சுவரை பரவியவர்களுக்கு, முதலில் வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் மருந்து என்பதே வழக்கம். 423 பேரை வைத்து நடந்த நாடினா ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்பே ஐபி-நிவோ இரண்டு டோஸ் மட்டும் கொடுத்தார்கள். 12 மாதத்தில் நோய் திரும்பாமல், முற்றாமல் இருந்தவர்கள் 83.7%. பழைய முறையில் 57.2%. கட்டி உடம்பில் இருக்கும்போது, அதுவே டி-செல்களுக்குப் பாடப் புத்தகம் மாதிரி. வெட்டி எடுத்த பிறகு எதைப் பார்த்துப் படிக்கும்? ஆபரேஷனில் எடுத்த திசுவைப் பார்த்தபோது, 59% பேருக்குக் கட்டி கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. அவர்களுக்கு அதற்குமேல் மருந்தே கொடுக்கவில்லை.

நம்ம ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும்?

இதுவரை சொன்ன எண்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் உடையவர்களிடம் எடுக்கப்பட்டவை. மெலனோமா ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மிக அதிகம். இந்தியாவில் அபூர்வம், லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. 'கறுப்புத் தோலுக்கு இது வராது' என்று நம்புபவர்கள் பாப் மார்லியை நினைத்துக்கொள்ளலாம். 1977-ல் அவரது கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டது. 1981-ல் 36 வயதில் இறந்தார்.

நம்மிடம் வரும் மெலனோமாவும் பெரும்பாலும் வெயில் படாத இடங்களில்தான் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழே, வாய் மற்றும் ஆசனவாயின் உள்தோல். உள்ளங்காலில் கருப்பாக ஏதோ இருந்தால் நாம் என்ன செய்வோம்? 'கால் ஆணி' என்று சொல்லி பிளாஸ்திரி ஒட்டுவோம், இல்லையா? அதனால் தாமதம். இந்த வகையில் பிராஃப் பழுது குறைவு என்பதால் மாத்திரை ஜோடி பலருக்குப் பொருந்தாது. இம்யூனோதெரபியும் தோல் மெலனோமா அளவுக்கு இதில் கேட்பதில்லை. 43% என்ற எண்ணை சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒரு நோயாளிக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

அடுத்தது பணம். ஒரு டோஸுக்கே லட்சக்கணக்கில் ஆகும் மருந்துகள் இவை. இங்கே மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மெலனோமாவில் இல்லை, தலை-கழுத்துப் புற்றுநோயில் செய்தது. வழக்கமாக 240 மில்லிகிராம் கொடுக்கும் நிவோலுமாப்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்து, விலை குறைந்த மூன்று மாத்திரைகளுடன் சேர்த்தார்கள். 151 பேரில், ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் அந்த மாத்திரைகள் மட்டும் எடுத்த அணியில் 16.3%, நிவோலுமாப்பையும் சேர்த்த அணியில் 43.4%. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 1 முதல் 3% நோயாளிகளுக்குத்தான் எட்டுகிறது என்று அந்தக் கட்டுரை தொடக்கத்திலேயே சொல்கிறது. மெலனோமாவுக்கு இந்தக் குறைந்த டோஸ் அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் கூட்டு மருந்து பற்றி இப்படியும் யோசிக்கலாம் என்று காட்டியது நம்ம நாட்டு டாக்டர்கள்.

வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், முதலில் பிராஃப் டெஸ்ட் செய்தாச்சா, மெலனோமா எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, இது ரொம்ப முக்கியம்: இம்யூனோதெரபியின் பக்கவிளைவு கடைசி டோஸ் முடிந்து பல மாதம் கழித்தும் வரலாம். நள்ளிரவில் பேதி என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கிருக்கும் டியூட்டி டாக்டர் 'வெளியில என்ன சாப்பிட்டீங்க?' என்றுதான் ஆரம்பிப்பார். எடுத்த மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, கேன்சர் டாக்டரின் நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருங்கள். முதல் வேலையாக அதை அவரிடம் காட்டுங்கள்.